பக்கீர் சொன்ன பெயர்

அந்த நாளில் கிண்ணியாவில் பக்கீரைப் பற்றி யாரிடம் விசாரித்தாலும் நல்லவிதமாகவே சொல்லியிருப்பார்கள். திருகோணமலைத் துறைமுகத்தில் தேயிலைக் கப்பல்களில் வின்ச் ஓட்டுகிறவர். பாரத்தைத் தூக்கி இறக்குவதில் அவசரப்படமாட்டார். கீழே நிற்கிற ஆளின் தலைக்கு மேலே ஒரு பெட்டிகூட ஆடக் கூடாது என்பது அவருடைய பிடிவாதம். குரலும் சிறியது. அப்போது கிண்ணியாத் துறைக்குப் பாலம் இல்லை. ஆளும் லொறியும் ஏறி அக்கரை போகிற மிதவையைப் பாதை என்பார்கள். காலையில் பாதையில் மற்றவர்கள் தேர்தல் கதைத்துச் சண்டை பிடித்துக்கொண்டு வருவார்கள். பக்கீர் ஓரமாக நின்று தண்ணீரைப் பார்த்துக்கொண்டு வருவார்.

வீட்டில் மனைவி ஜெஸீமாவைக் கைநீட்டி அடிப்பார். கலியாணம் முடித்த மறுவருடமே தொடங்கிய பழக்கம். அடித்துவிட்டு வேலியோரம் போய் நின்று பீடி பற்றவைப்பார். பக்கத்து வளவுக்காரருக்குச் சத்தம் கேட்கும். ஒருவரும் வந்து கேட்டதில்லை, ஜெஸீமாவும் ஒருவரிடமும் போய்ச் சொன்னதில்லை. மூத்தவள் ஸல்ஹாவும் அவளுக்கு மூன்று வயது இளையவன் ஸஹாப்தீனும் அதைப் பார்த்தே வளர்ந்தார்கள்.

அறுபத்தொன்பதாம் ஆண்டு ஸல்ஹாவுக்கு மூதூரில் மாப்பிள்ளை பேசி முடித்தார்கள். அந்தப் பக்கத்து வழக்கப்படி வீடு பெண்பிள்ளைக்கு. தாய் தகப்பன் பின்வளவில் ஒரு கொட்டிலைப் போட்டுக்கொண்டு ஒதுங்கிவிட வேண்டும். சபையில் பக்கீர் தலையாட்டித்தான் வந்தார். ஆனால் கல்லும் மரமும் ஒவ்வொன்றாகச் சேர்த்துக் கட்டிய வீடு. அதன் வாசலில் இன்னொருவன் கதிரை போட்டு உட்காரப்போகிறான் என்று நினைக்க அவருக்கு நெஞ்சு காந்தியது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சோறு தின்று எழும்பும்போது ஜெஸீமா கேட்டாள்.

"பின்வளவுக் கொட்டிலை எப்ப போடப்போறீங்க? மாப்பிள்ளை வீட்டார் வந்தா பாப்பாங்களே."

"என்னை வெளியில போடுறதுக்குத்தான் நாள் பாத்துக்கொண்டிருக்கிறாய், என்ன?"

அவள் எச்சில் தட்டை எடுத்துக்கொண்டு குசினிக்குத் திரும்பினாள். அதற்கும் அடி விழுந்தது. குசினி வாசலில் சாய்ந்தவளின் தலைமுடியைப் பிடித்து, மறுபடி கையை ஓங்கினார். பின்பக்கம் ஸல்ஹா மா இடித்துக்கொண்டிருந்தாள். உலக்கையோடேயே ஓடி வந்தாள்.

"விடுங்க வாப்பா!"

அவர் விடவில்லை. உலக்கை அவருடைய வலது முன்கையில் இறங்கியது. எலும்பு முறிந்த சத்தம் மூன்று பேருக்கும் கேட்டது. ஸல்ஹா உலக்கையைக் கீழே போட்டுவிட்டு, தானே அடிவாங்கியவள் போலக் கத்தினாள்.

கடற்கரையில் இருந்த ஸஹாப்தீன் சத்தம் கேட்டு ஓடி வந்தான். கேள்வி கேட்காமல் ஒரு துவாயைக் கிழித்து வாப்பாவின் கையைக் கட்டித் தொங்கவிட்டு, அவரைக் கைத்தாங்கலாகத் துறைக்குக் கூட்டிப்போனான். பாதையில் ஆட்கள் கேட்டார்கள்.

"என்ன காக்கா, கைக்கு?"

"வழுக்கி விழுந்திட்டன்."

மகன் முறிந்த கையில் யாரும் இடித்துவிடாமல் தன் உடம்பால் மறைத்துக்கொண்டு நின்றான்.

பட்டணத்து ஆஸ்பத்திரியில் டொக்டர் கையைத் திருப்பிப் பார்த்தார். "இது விழுந்த முறிவில்லை. பொல்லால அடிச்ச அடையாளம் கிடக்கு," என்று சொல்லி ஆஸ்பத்திரிப் பொலிஸ்காரனைக் கூப்பிட்டுவிட்டார். சட்டம் அப்படி. வந்த பொலிஸ்காரன் கட்டிலருகே வாங்கை இழுத்துப்போட்டு உட்கார்ந்தான்.

"ஆர் அடிச்சது?"

பக்கீர் போர்வையை இழுத்து முறிந்த கையை மூடினார்.

"சொல்லும் காணும். சொல்லாட்டில் நாங்கள் கிண்ணியாவுக்கு வந்து வீடு வீடாக் கேட்பம்."

"மகன்," என்றார் பக்கீர்.

"எந்த மகன்?"

"எனக்கு ஒரே மகன்தான்."

பொலிஸ்காரன் வெளி விறாந்தையை எட்டிப் பார்த்தான். அங்கே ஸஹாப்தீன் வாப்பாவின் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு குந்தியிருந்தான். "அந்தப் பொடியனோ?" என்று கேட்க, பக்கீர் தலையை ஆட்டினார்.

ஸல்ஹாவின் கலியாணம் குழம்பாமல் இருக்கத்தான் அப்படிச் சொன்னேன் என்று பிறகு தனக்குத்தானே பலமுறை சொல்லிப் பார்த்தார். ஆனால் அந்தச் சொல் வாயில் வந்த நேரத்தில் கலியாணம் அவர் நினைவிலேயே இருக்கவில்லை. இது துறைமுகத்துக்குப் போகும், ஒரு குமர்ப்பெண்ணிடம் அடிவாங்கிக் கை முறிந்தவன் என்று வின்ச் அடியில் நின்று சிரிப்பார்கள் என்ற பயம் ஒன்றுதான் இருந்தது. அது அவருக்கு நன்றாகவே தெரியும்.

பொலிஸ்காரன் வெளியே போய்ப் பொடியனைக் கேட்டான். "நீயோ வாப்பாக்கு அடிச்சது?"

ஸஹாப்தீன் திறந்திருந்த கதவு வழியாக உள்ளே பார்த்தான். பக்கீர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"ஓம்," என்றான் பொடியன்.

பதினாறு வயதுக்குள் என்றபடியால் வழக்கு, சிறுவர் நீதிமன்றத்தில் எடுக்கப்பட்டது. நீதவான்தான், ஆனால் கதவைச் சாத்திய ஓர் அறையில், வெளியாட்கள் இல்லாமல் விசாரிப்பார். அதற்கு முன்பு இராசையா என்கிற நன்னடத்தை உத்தியோகத்தர் கிண்ணியாவுக்கு வந்து வீட்டைப் பார்த்தார். ஜெஸீமா தேத்தண்ணி கொடுத்துவிட்டு உள்ளறைக் கதவடியில் நின்றாள். ஸல்ஹாவை உள்ளறையை விட்டு வெளியே வர விடவில்லை. தம்பியை எச்சரித்து அனுப்பிவிடுவார்கள், நீ வாயைத் திறந்தால் கலியாணமும் போகும், உன்னையும் பெரிய கோட்டுக்குக் கொண்டுபோவார்கள் என்று சொல்லி வைத்திருந்தார்கள். இராசையாவும் போகும்போது நல்ல வார்த்தைதான் சொன்னார்: "தகப்பன் பொறுப்பெடுத்தால் பொடியன் வீட்டிலயே இருக்கலாம். நான் மாதாமாதம் வந்து பாப்பன்."

அறையில் நீதவான், மாவுக்கட்டுப் போட்டுத் தொங்கிய பக்கீரின் கையைப் பார்த்தார். பொடியன் பள்ளிக்கூடம் போகாமல் ஒளிக்கிறவன், இறங்குதுறையில் குதித்து விளையாடுகிறவன் என்று பொலிஸ் சார்ஜன் சொல்லி முடித்திருந்தார். இராசையாவின் யோசனையையும் வாசித்துவிட்டு நீதவான் கேட்டார்.

"இவனைக் கட்டுப்படுத்தி வளர்க்க உம்மால் ஏலுமோ?"

ஓம் என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். ஆனால் ஓம் என்றால், அடங்குகிற பிள்ளை பிறகேன் அடித்தான் என்று அடுத்த கேள்வி வரும் என்று பக்கீருக்குப் பட்டது. அந்தக் கேள்வி வரக் கூடாது.

"ஏலாது, ஐயா."

கொழும்புப் பக்கத்தில் இருந்த அரசாங்கச் சீர்திருத்தப் பாடசாலைக்கு மூன்று வருடம் என்று தீர்ப்பானது. ஸஹாப்தீன் "வாப்பா" என்று ஒரு முறை கூப்பிட்டான். அவன் அழவில்லை. காது சரியாகக் கேட்காதவனைப் போல வாப்பாவையே பார்த்துக்கொண்டு போனான்.

இரண்டு பேராக வீடு திரும்பியவர்களைப் படலையடியில் கண்டதும் ஸல்ஹாவுக்கு விளங்கிவிட்டது. அன்றிலிருந்து அவள் வாப்பாவோடு கதைப்பதை விட்டாள். அவருக்குச் சோறு போட்டு வைப்பாள், கை முறிந்தவருக்கு மீனில் முள் எடுத்தும் வைப்பாள், ஆனால் முகம் பார்க்கமாட்டாள். கலியாண உடுப்பு எடுக்கக் கூப்பிட்டபோது உம்மாவிடம் சொன்னாள்:

"தம்பி வராம எனக்குக் கலியாணம் வேணாம். பலவந்தம் பண்ணினா நான் பொலிசுக்குப் போவன்."

அதற்குப் பிறகுதான் பக்கீர் பட்டணத்தில் வழக்குப் பேசுகிற பிறக்கிராசி பாக்கியரத்தினத்திடம் போனார். ஜெஸீமாவும் வந்தாள். ஸல்ஹாவும் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு பின்னாலேயே பாதையில் ஏறிவிட்டாள். அவளை இறக்க அவர்களால் முடியவில்லை.

பிறக்கிராசி எல்லாவற்றையும் கேட்டார். "அப்பீல் எடுக்கலாம். பொடியனுக்காகத் தகப்பன்தான் எடுக்கவேணும். அடிபட்டவரும் நீர், அப்பீல்காரரும் நீர். கொழும்பில சிரிக்கத்தான் போறாங்கள். சரி, ஏன் அடிச்சவன்?"

"சும்மா… ஒரு வாய்த்தர்க்கம்."

"சும்மா ஒருத்தன் தேப்பன்ர கையை முறிப்பானோ?"

பக்கீர் மேசைக்காலைப் பார்த்தார். பின்னாலிருந்து ஸல்ஹாவின் குரல் வந்தது.

"அவன் அடிக்கல்ல. நான்தான் அடிச்சனான். வாப்பா உம்மாவை அடிச்சுக்கொண்டிருந்தவர்."

ஜெஸீமா மகளின் வாயைப் பொத்தப் போனாள். பிறக்கிராசி கையைக் காட்டி அவளைத் தடுத்துவிட்டு, பக்கீரிடம் கேட்டார். "உண்மையோ?"

நாற்பது வயது மனிதர், பிறர் அறிய ஒரு கெட்ட பெயரும் எடுக்காதவர், மகளுக்கும் மனைவிக்கும் முன்னால் ஒரு வெளியாளுக்குத் தலையாட்டினார். பிறக்கிராசி ஏசுவார் என்று எதிர்பார்த்தார். அவர் ஏசவில்லை. பேனையை எடுத்துத் திறந்தார்.

"தாயைக் காப்பாத்த அடிச்சால் சட்டம் பொறுக்கும். மகளுக்கும் பயமில்லாமல் பார்க்கலாம். ஆனா அதுக்கு, நான் என்ர பெண்சாதியை அடிச்சுக்கொண்டிருந்தனான், பொலிசுக்குப் பொய் சொன்னனான் எண்டு நீர் சத்தியக் கடதாசி முடிக்கவேணும். திரும்ப விசாரணை வந்தால் கூண்டில ஏறி வாயாலயும் சொல்லவேணும். ஏலுமோ?"

"ஓம்," என்றார் பக்கீர். அந்தச் சொல் வெளியே வருவதற்குள் ஜெஸீமா இரண்டு முறை மூக்கைச் சிந்திவிட்டாள்.

மேன்முறையீடு கொழும்பில் மாதக்கணக்காகக் கிடந்தது. இதற்குள் கதை ஊருக்குள் வந்துவிட்டது. யார் கொண்டுவந்தது என்று பக்கீருக்குக் கடைசிவரை தெரியாது. மூதூரிலிருந்து ஒரு பெரிய மனிதர் வந்து, தேத்தண்ணியையும் தொடாமல், வாப்பாவுக்குக் கைவைத்த பிள்ளை தங்கள் குடும்பத்துக்குச் சரிவராது என்று சொல்லிவிட்டுப் போனார். வின்ச் அடியில் பக்கீர் பயந்த சிரிப்பு ஒருவரிடமும் வரவில்லை. அவரைக் கண்டதும் கதையை நிறுத்தினார்கள். அவ்வளவுதான். ஒருவன் மட்டும், தன் மனைவியை அடிக்கிறவன் என்று எல்லோருக்கும் தெரிந்தவன், தோளில் தட்டி, "நீ ஏன் காக்கா போய்ச் சொன்ன நீ? பொம்பிளையளை ஆர்தான் அடிக்கிறேல்லை?" என்று கேட்டான். பக்கீருக்கு அந்தக் கையைத் தட்டிவிட வேண்டும் போல இருந்தது. தட்டிவிடவும் தனக்கு யோக்கியதை இல்லை என்று நின்றார்.

தீர்ப்பைத் தள்ளி, வேறொரு நீதவான் முன் திரும்ப விசாரிக்கும்படி கொழும்பிலிருந்து கட்டளை வந்தது. மறுபடி அதே அறை, அதே சாத்திய கதவு. ஸஹாப்தீனைக் கூட்டிவந்தார்கள். ஒட்ட வெட்டிய தலை. கைகால் நீண்டு, காற்சட்டை முழங்காலுக்கு மேலே ஏறியிருந்தது. அவன் கேட்டுக்கொண்டு நிற்க, பக்கீர் சொன்னார்.

"நான் மனிசியை அடிச்சுக்கொண்டிருந்தனான். என்னைத் தடுக்கத்தான் அடிச்சது. மகன் இல்லை. மகன் அப்ப வீட்டிலயே இல்லை."

"பிறகேன் மகனுடைய பெயரைச் சொன்னீர்?"

"வெக்கத்தில, ஐயா."

"எதுக்கு வெக்கம்? மனிசியை அடிச்சதுக்கோ?"

"இல்லை ஐயா," என்றார் பக்கீர். சத்தியம் பண்ணியிருந்தார்; பொய் சொல்ல முடியாது. "மகளிட்ட அடிவாங்கினதுக்கு."

வாக்குமூலத்தை மொழிபெயர்த்து எழுதிக்கொண்டிருந்த கோட்டு முதலியார் பேனையை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தார். ஸல்ஹா எழுந்து நடந்ததைச் சொன்னாள். தாயைக் காக்கச் செய்தது குற்றமில்லை என்றும், பொடியனை உடனே விட வேண்டும் என்றும் நீதவான் சொன்னார். பிறகு ஜெஸீமாவிடம், புருஷன் மேல் முறைப்பாடு உண்டோ என்று கேட்டார். அவள் நிலத்தைப் பார்த்துக்கொண்டு, "இல்லை," என்றாள்.

"அப்ப நீர் போகலாம்," என்றார் நீதவான் பக்கீரிடம்.

ஒரு தண்டமோ ஒரு நாள் சிறையோ கிடைத்திருந்தால் பக்கீர் அதைப் பிடித்துக்கொண்டிருப்பார். ஒன்றும் கிடைக்கவில்லை. வந்த வழியே படியிறங்கினார்.

பாதையில் நான்கு பேரும் ஒன்றாக நின்றார்கள். ஸஹாப்தீன் ராத்தா ஸல்ஹாவைக் கேட்டான்.

"உங்கட கலியாணம் எப்ப ராத்தா?"

"இல்லை. அவங்க வேணாமெண்டிட்டாங்க."

"வாப்பா எல்லாத்தையும் சொன்னதாலயா?"

ஸல்ஹா தலையசைத்தாள்.

"அப்ப நான் சும்மாதான் போயிட்டு வந்திருக்கிறன்," என்றான் அவன். கோபமாகச் சொல்லவில்லை. பிறகு வாப்பாவின் பக்கம் திரும்பினான். "ராத்தாவைக் காட்டிக் குடுக்கேலாம என்ர பேரைச் சொன்னது விளங்குது வாப்பா. ஏலாது எண்டு ஏன் சொன்னீங்க? நான் உங்களுக்கு எப்ப அடங்காம இருந்தனான்?"

பாதை கரையில் முட்டியதும் மகன் முதல் ஆளாகக் குதித்து, உம்மாவின் கையைப் பிடித்து இறக்கினான். அவரை இறக்க ஒருவரும் கை கொடுக்கவில்லை.

அவன் வீட்டில் அதிக நாள் இருக்கவில்லை. சீர்திருத்தப் பாடசாலையில் படித்த தச்சு வேலையை வைத்துக்கொண்டு குச்சவெளியில் மாமா கலீலுர் றஹ்மானோடு வள்ளம் கட்டப் போய்விட்டான். பெருநாளுக்கு வருவான், மரியாதையாகக் கதைப்பான், சாப்பிட்டுவிட்டுப் பின்னேர பஸ்ஸில் போய்விடுவான். பக்கீரின் கை கோணலாகப் பொருந்தியது. வின்ச் பிடியை இழுக்க முடியாமல் துறைமுக வாசலில் காவல் வேலைக்கு மாறினார். இரண்டு வருடம் கழித்து ஸல்ஹாவைத் தம்பலகாமத்தில் ஒரு வயல்காரன் கலியாணம் முடித்தான். எல்லாம் தெரிந்தே முடித்தான். வீடு அவளுடையதாயிற்று. பக்கீர் பின்வளவுக் கொட்டிலைத் தானே போட்டார். அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு அவர் ஜெஸீமா மேல் கைவைக்கவே இல்லை.

எழுபத்தெட்டில் ஸஹாப்தீனுக்கு இறக்கக்கண்டியில் ஒரு பெண் சரிவரும் போல இருந்தது. பெயர் அசனா, தகப்பன் சரீப் மீன்பிடிகாரர். பெண்வீட்டார் விசாரிக்கத் தொடங்கிவிட்டார்கள் என்று கேள்விப்பட்டதும் பக்கீருக்கு நித்திரை வரவில்லை. கோட்டுக்குப் போன பொடியன், கொழும்பில் இருந்துவிட்டு வந்தவன் என்று அரைகுறையாகத்தான் யாராவது சொல்வார்கள். ஒருவரிடமும் சொல்லாமல் கரையோர பஸ் ஏறி இறக்கக்கண்டிக்குப் போனார்.

சரீப் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். பக்கீர் உட்கார மறுத்து, நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். உலக்கையை, ஆஸ்பத்திரியை, ஏலாது என்று சொன்னதை. "பொடியன்ர பேரில ஒரு பிழையும் இல்லை. எல்லாம் என்ர பிழை. நீங்கள் பிழையாக் கேள்விப்படக் கூடாதெண்டு வந்தனான்."

சரீப் வலையை மடியில் வைத்துக்கொண்டு யோசித்தார். கதவுக்குப் பின்னாலிருந்து அவர் மனைவி றஹ்மா கேட்டாள்.

"இப்பவும் மனிசியை அடிக்கிறீங்களா?"

"இல்லை. அண்டையில இருந்து இல்லை."

"அவவைக் கேட்டா அப்பிடித்தான் சொல்லுவாவோ?"

"கேளுங்கோ," என்றார் பக்கீர். மனதில் ஒரு சின்ன ஆறுதல்கூட இருந்தது. இந்த ஒரு கேள்விக்காவது தன்னிடம் நல்ல மறுமொழி இருக்கிறதே என்று.

றஹ்மா உண்மையாகவே கேட்க வந்தாள். அடுத்த கிழமை பாதையேறி வந்து, கொட்டிலுக்குள் ஜெஸீமாவோடு பாயில் உட்கார்ந்தாள். பக்கீர் வெளியே வேலிக்குக் கம்பு நட்டுக்கொண்டிருந்தார். கிடுகுச் சுவருக்குள்ளால் கதை தெளிவாகக் கேட்டது.

"இப்ப அடிக்கிறேல்லையா ராத்தா?"

"இல்லை. ஒன்பது வருசமா இல்லை. பொய் சொல்லேலாது." ஜெஸீமா வெற்றிலைத் தட்டை அவள் பக்கம் தள்ளினாள். "ஆனா புள்ள, அவர் முகட்டில செருகின கத்தியை எடுக்கக் கையைத் தூக்கினாலும் நான் முகத்தைத் திருப்பிப்போடுறன். அவர் அதைக் கண்டதில்லை. அவர்ர கண் முகட்டிலதானே இருக்கும்."

"எங்கட மகளுக்கு உங்கட மகன் எப்பிடி இருப்பான்?"

"அவன் அடிக்கமாட்டான். அதுக்கு நான் சத்தியம் பண்ணுவன்."

கலியாணம் இறக்கக்கண்டியில் நடந்தது. பக்கீர் வெள்ளைச் சட்டை போட்டு மாப்பிள்ளையின் தகப்பனாகச் சபையில் உட்கார்ந்திருந்தார். வந்தவர்கள் கை கொடுத்தார்கள். கோணல் கையை அவரும் கொடுத்தார். பெண்கள் பக்கம் சாப்பாட்டுத் தட்டு கொண்டுபோகச் சொன்னபோது, ஜெஸீமா உட்கார்ந்திருந்த இடத்துக்கு வந்ததும் தட்டைத் தூக்கி நீட்டாமல், குனிந்து, மெல்ல, அவள் முன்னால் நிலத்தில் வைத்தார்.